மூன்றாம் வாரத்துக்கு ஒரு திருத்தம்

மாடசாமிக் கல்லின் மேல் நிற்கிறேன். ஞாயிறு பின்னேரம். குடைக்காம்பைக் கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கியிருக்கிறேன். வலது கையில் தொலைபேசி. குடையைக் காற்று ஒரு பக்கம் இழுக்கிறது. தொலைபேசி இன்னொரு பக்கம் இழுக்கிறது. அந்தப் பக்கத்தில் ஸ்பெயின் இருக்கிறது.

மூன்றடி கீழே செல்வராணி நிற்கிறாள். கொழுந்து பறிக்கிறவள். புருசன் கத்தாரில். கல்லில் எனக்கு அடுத்த முறை அவளுடையது.

"டீச்சர், ஒங்க ஸ்பெயினு முடிஞ்சா ஒரு சத்தம் குடுங்க. நம்ம கத்தாரு காத்துக் கெடக்கு."

சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

அது இந்தக் கல்லின் வழக்கம். எங்கள் மலையில் சிக்னல் கிடைப்பது இங்கே மட்டும்தான். மேலே ஒருவர் ஏறிப் பேசினால் கீழே நிற்பவர் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். குடையைத் தாழ்த்தி, தேயிலையைப் பார்த்துக்கொண்டு. சிலர் வாய்க்குள்ளே பாடுவார்கள், காதில் எதுவும் விழாதிருக்க. யாரும் வகுத்த சட்டமில்லை. வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டுக்காரர் இருமினால் அடுத்த வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்கிறார். சுவர் அவ்வளவு மெல்லியது. அதனாலோ என்னவோ, சுவரே இல்லாத இந்தக் கல்லை எல்லோருமாகச் சேர்ந்து ஓர் அறையாக ஆக்கிவைத்திருக்கிறார்கள்.

அந்த அறையில் நின்றுகொண்டு, நாலு மாதமாக வாயில் உருட்டிய ஒரே ஒரு சொல்லை என் அக்காவிடம் சொல்லப் போகிறேன்.

கமினாபமோஸ்.

சொன்னால் அவள் பதில் பேச வேண்டும். பேசாவிட்டால் உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு இந்தத் தொலைபேசிக்கு அந்தப் பக்கத்தில் யாரும் இருக்கப்போவதில்லை.

அக்காவின் தமிழ்

அமலி அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவள். கன்னியர் மடத்தில் சேர்ந்தாள். மடம் அவளை ஸ்பெயினுக்கு அனுப்பியது. வடக்கே, நம் ஊரைப் போலவே ஓயாமல் மழை பெய்கிற ஒரு சிறு நகரத்தில், வயோதிபர் இல்லத்தில் வேலை. படுக்கையில் கிடப்பவர்களைத் தூக்கி உட்காரவைப்பது, குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது. அங்கே சோறு இல்லை, சூப்பு. "சூப்பு ஊட்டுறேன்" என்று எழுதுவாள்.

அவள் புறப்பட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. வழியனுப்ப நான் போகவில்லை. லயக் காம்பராவின் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். வெளியே நின்று, "ரீத்தா, ஏய் ரீத்தா, மூஞ்சியவாவது காட்டு" என்றாள். காட்டவில்லை. பிறகு ரயில் சத்தம் கேட்டது. எங்கள் மேட்டுக்கு ரயில் சத்தம் சாதாரணமாகக் கேட்காது. அன்று கேட்டது என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீல நிறக் கடிதங்கள் வந்தன. நாலு பக்கத்துக்கு நான் நாலு வரி எழுதினேன். அம்மா போன பிறகு, அப்பாவும் போன பிறகு, கையில் தொலைபேசி வந்த பிறகு, ஞாயிறுதோறும் பேசத் தொடங்கினோம். இடையில் அவள் ஊருக்கு வந்தது இரண்டே தடவை.

அவளுடைய தமிழ் போன நாளிலேயே நின்றுவிட்டிருந்தது. இங்கே பேச்சு மாறிவிட்டது. பிள்ளைகள் பாதி சிங்களத்திலும் பாதி தொலைக்காட்சியிலும் பேசுகிறார்கள். அவள் மட்டும், செத்துப்போன கணக்கப்பிள்ளைமார் பேசிய தமிழை ஸ்பெயினில் வைத்துக்கொண்டிருந்தாள். "பெரட்டுக்குப் பேரு கூப்புட்டாங்களா?" என்று கேட்பாள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தையே நான் பார்த்து வெகுநாளாகியிருக்கும். இருந்தாலும், "கூப்புட்டாங்க அக்கா" என்பேன். அவளுக்காக ஒரு பழைய தோட்டத்தை நான் வாராவாரம் நடத்திக்கொண்டிருந்தேன்.

போன வருடம், மழைக்கு முன், அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று. பேச்சும் போயிற்று. சில வாரங்களில் பேச்சு சிறுசிறு துண்டாகத் திரும்பி வந்தது. தண்ணீர். குளிர். ஜன்னல். எல்லாம் ஸ்பானிஷில். தமிழ் வரவே இல்லை.

அவளைப் பார்த்துக்கொள்கிற சிஸ்டர் பிலார் என்னிடம் சொன்னார். அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். எனக்கும் கொஞ்சம் தெரியும். ஆனால் இருவருக்கும் தெரிந்த கொஞ்சம் ஒன்றாக இருக்கவில்லை. ஒரே விஷயத்தை மூன்று விதமாகச் சொல்லி, நடுவில் எங்கோ சந்தித்துக்கொள்வோம்.

"அக்கா, நான் ரீத்தா பேசுறேன்" என்றால் மூச்சு மட்டும் கேட்கும். என் குரல் அவளுக்கு மழைச் சத்தத்தைப் போல இருந்திருக்க வேண்டும். வெளியே ஏதோ பெய்கிறது, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு பிலார் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஆளை அடையாளம் தெரியாதவர்களுக்கென்று அவர்கள் சபைக்கு இன்னோர் இல்லம் இருக்கிறதாம், தூரத்தில். நல்ல இல்லம்தானாம். ஆனால் அங்கே ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசி கிடையாது, பேசத் தெரிந்தவர்கள் இல்லையே. உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு முடிவெடுப்பார்கள்.

"அவர் யாருக்காவது ஒரு வாக்கியம் பதில் சொன்னால் போதும்" என்றார் பிலார்.

"அவளுக்குத் தெரிந்த பாஷையிலே நான் கேட்டால்?"

பிலார் கேட்டார்: "என்ன சொல்லப் போகிறீர்கள்?"

எதைச் சொல்வது

யோசிக்கவே தேவையிருக்கவில்லை. தலவாக்கலைப் பாதையைத்தான் சொல்ல வேண்டும்.

இந்தப் பத்திரிகைத் தொடரின் மூன்றாம் வாரத்தில் அதை எழுதியிருந்தேன். தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாக: எனக்கு நாலு வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. என் இடது முழங்கையில் சுடுதண்ணீர் கொட்டிப் பெரிய புண். அந்த மழைக்காலம் முழுக்க, வாரத்தில் இரண்டு நாள், தலவாக்கலை ஆஸ்பத்திரிக்கு மருந்து கட்டப் போக வேண்டியிருந்தது. அம்மா அப்பா வேலையை விட முடியாது. அக்கா பள்ளிக்கூடத்தை விட்டாள். போக மூன்று மைல், வர மூன்று மைல். நாங்கள் இருவரும் நடந்தோம்.

என் வாழ்க்கையில் எனக்கு மிகத் தெளிவாக ஞாபகமிருப்பது அந்தப் பாதைதான். தேயிலையின் தலைக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே போவோம். மட்டமாக வெட்டிய பச்சை, மேசை மேசையாகப் படிக்கட்டிறங்கும். தூரத்தில் ரயில் ஒன்று நத்தையாக ஊரும். கொங்காணி என்று சொல்வோமே, மழைக்குத் தலையில் போர்த்துகிற சாக்கு, அது ஒன்றுதான் இருந்தது. ஒரே கொங்காணிக்குள் இருவரும். அக்காவின் தலைமுடி வாசம் என் மூக்கிலேயே இருக்கும். ஈரம், தேங்காயெண்ணெய், கொஞ்சம் அடுப்புப் புகை.

அட்டைகள் அக்காவின் காலைத்தான் பிடிக்கும். ஆஸ்பத்திரி வாசலில் குந்தி, சவர்க்காரத் துண்டை வைத்துத் தேய்த்து ஒவ்வொன்றாகப் பிடுங்குவாள். என்னை ஓர் அட்டை தொட்டதில்லை. என் இரத்தம் அட்டைக்குப் பிடிக்காது என்று பெரிய பெண்ணான பிறகும் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

அந்த வாரத்துக்குத்தான் வாசகர் கடிதம் அதிகம் வந்தது. ஹட்டனிலிருந்து ஒருவர், "அக்கா தங்கை கைகோத்து நடந்த அந்தப் பாதையில் நானும் கூட வந்தேன்" என்று எழுதியிருந்தார். கைகோத்து என்று நான் எழுதவில்லை. வாசித்துவிட்டுச் சந்தோஷப்பட்டேன். அதன் பிறகு என் ஞாபகத்திலும் நாங்கள் கைகோத்துக்கொண்டோம்.

திகதி கேட்காத காலம்

பிலார் குரல்பதிவு ஒன்று அனுப்பினார். நடப்பதற்கு அவர்கள் மொழியில் கமினார். முடிந்துபோன ஒருநாள் நடையைச் சொல்ல ஒரு காலம் இருக்கிறதாம். அது உங்களுக்கு வேண்டாம் என்றார். இன்னொன்று இருக்கிறது. திரும்பத் திரும்ப நடந்ததற்கு, வழக்கமாக நடந்ததற்கு, எப்போது தொடங்கியது எப்போது முடிந்தது என்று யாரும் கேட்காத நடைக்கு. அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒழுங்கான வினைச்சொல், வம்பு பண்ணாது. வேர் அப்படியே நிற்கும், வால் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

யோ கமினாபா. நான்.
தூ கமினாபாஸ். நீ.
எய்யா கமினாபா. அவள்.
நோசோத்ராஸ் கமினாபமோஸ். நாங்கள்.
வோசோத்ராஸ் கமினாபாய்ஸ். நீங்கள்.
எய்யாஸ் கமினாபான். அவர்கள்.

எல்லாம் பெண்களுக்கானது. மடத்துக்காரர் அல்லவா, ஆண்களை விட்டுவிட்டார்.

இந்தக் காலத்தைக் கண்டதும் எனக்கு ஒட்டிக்கொண்டது. இந்தத் தொடரை எழுதத் தொடங்கிய நாளிலிருந்து ஆசிரியர் என்னை, "திகதி போடுங்கள், வருடமாவது போடுங்கள்" என்று நச்சரிக்கிறார். என்னிடம் இருப்பதெல்லாம் மழைக்கு முன், மழைக்குப் பின். என்னைப் போன்றவர்களுக்கென்றே ஒரு காலத்தை யாரோ ஒழுங்காக வாலெல்லாம் வைத்துத் தைத்து வைத்திருக்கிறார்களே என்று வியப்பாக இருந்தது.

தமிழில் இதற்கு என்ன செய்கிறோம் என்று யோசித்தேன். "அப்பெல்லாம் நாங்க நடப்போம்" என்கிறோம். நடப்போம். நாளைக்கும் அதேதான். போன காலத்தின் பழக்கத்தைச் சொல்ல வரப்போகும் காலத்தின் சட்டையை எடுத்து மாட்டிக்கொள்கிறோம். இத்தனை வருடம் தமிழில் எழுதுகிறேன், ஸ்பானிஷ்காரி ஒருத்தி சொல்லித்தான் அந்தச் சட்டை கண்ணில் பட்டது.

இன்னொன்றும் பட்டது. நானும் அவளும் ஒரே உடுப்பு. யோ கமினாபா, எய்யா கமினாபா. நான் நடந்ததும் அவள் நடந்ததும் ஒரே சொல். அன்றிரவு சமைக்கவில்லை. தேநீரும் ரொட்டியும் போதுமாக இருந்தது.

நேற்றைக்கு ஸ்பானிஷ் இல்லை

உச்சரிப்புச் சரியா என்று யாரிடமாவது கேட்க வேண்டும். நானுஓயா ஸ்டேஷனில் முச்சக்கரவண்டி வைத்திருக்கும் யோகனுக்கு ஸ்பானிஷ் தெரியும் என்றார்கள். மாதக் கூட்டத்துக்கு நுவரெலியா போன நாளில் அவனைப் பிடித்தேன்.

"ஒங்களுக்கு ஸ்பானிஷ் தெரியுமாமே?"

"தெரியுமாவா? போன ஆகஸ்ட்டுல ஒரு ஸ்பெயின் குடும்பம் என்னைய தத்தெடுக்கவே பாத்துச்சு டீச்சர். எங்க வீட்டுலதான் விடல."

"அப்ப, நாங்க முன்ன நடந்தோம்னு எப்பிடிச் சொல்லுவீங்க?"

ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான். ஊட்டி ரோஜா நிறத்தில் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரி அவனைத் தாண்டிப் போனாள். அவளைக்கூட அவன் கூப்பிடவில்லை. அவ்வளவு யோசனை.

"முன்னவா? முன்னைக்கெல்லாம் எங்கிட்ட ஸ்பானிஷ் இல்லைங்க. டூரிஸ்ட்டு நேத்து எங்க போனான்னு எனக்கு எதுக்கு? நாளைக்கி எங்க போறான், அதான் நமக்கு வேணும். மன்யானா. மன்யானா வேணுன்னா சொல்லுங்க, கூட நெறையத் தாரேன்."

"நாளைக்கி எனக்கு எதுக்கு யோகன்?"

"அப்ப நம்ம ரெண்டு பேத்துக்கும் ஏவாரம் ஆகாது டீச்சர்" என்று சிரித்தான். பஸ் நிற்குமிடம் வரை சும்மா ஏற்றிக்கொண்டு போய் விட்டான். இறங்கும்போது, "யாரு டீச்சர் அங்க?" என்று கேட்டான். அக்கா என்றேன். அதற்குமேல் அவன் வேடிக்கை பேசவில்லை.

ஆறு தொட்டில்

என் வேலையைத் தெரியாதவர்களுக்கு: புள்ளக் காம்பராவைப் பார்த்துக்கொள்கிறேன். தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகும் இடம். காலை ஏழுக்கு வருவார்கள், மாலை நாலரைக்குப் போவார்கள். அதுவரை எனக்கு இருபது பிள்ளைகள். நாலரைக்குப் பிறகு எனக்கு ஒருவரும் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒன்பதாம் வாரத்தில் எழுதப் பார்த்து, மழையைப் பற்றி எழுதி முடித்தேன்.

உத்தரத்தில் ஆறு சேலைத் தொட்டில்கள் தொங்கும். வினைச்சொல்லுக்கும் ஆறு வால். வேறென்ன செய்வேன்? ஒவ்வொரு தொட்டிலுக்கும் ஒரு வாலைக் கட்டிவிட்டேன். யோ தொட்டிலை ஓர் ஆட்டு, தூ தொட்டிலை ஓர் ஆட்டு. ஆறாவதை ஆட்டிவிட்டுத் திரும்பினால் முதலாவது நின்றிருக்கும். பிள்ளைகள் அடம்பிடிக்காமல் உறங்கின. உறங்க மறுத்த பெரிய பிள்ளைகள் பின்னாலேயே வந்து கோரஸ் போட்டன.

தொட்டில்கள் முன்பு போதாமலிருந்தன. இப்போது குடும்பம் குடும்பமாகக் கொழும்புக்கு இறங்குகிறார்கள். அந்த மாதத்தில் ஒரு குடும்பம் போயிற்று. போனது நாலாவது தொட்டில். நோசோத்ராஸ். நாங்கள். வெறுஞ்சேலையை ஆட்ட மனமில்லை, விடவும் மனமில்லை. ஆட்டினேன். கனமில்லாத தொட்டில் எவ்வளவு உயரம் போகிறது.

ஒரு நாள் பின்னேரம் செல்வராணி மகள் கவிதாவைக் கூட்டிப்போக வந்தவள், வாசலிலேயே நின்றாள்.

"டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"புள்ள வீட்டுல சாமி படத்துக்கு முன்னுக்கு நின்னு, 'கமினாபா, கமினாபாஸ்'னு கண்ண மூடிக்கிட்டு கும்புடுது. டீச்சரு புள்ளைய அவங்க வேதத்துல சேத்துட்டாங்கன்னு எங்க மாமியா ரெண்டு நாளா ஒரே சண்ட."

"வேதமெல்லாம் இல்ல செல்வராணி. அது ஒரு வினைச்சொல்லு."

"அப்பிடின்னா?"

"நடக்குறதச் சொல்றது."

"நடக்குறதுக்கு எதுக்கு டீச்சர் மந்திரம்? காலு இருந்தாப் பத்தாதா?"

எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவை, பிலாரை, அந்தத் தூரத்து இல்லத்தை, தலவாக்கலைப் பாதையை. நிலைக்கல்லில் சாய்ந்துகொண்டு கேட்டாள். எத்தனை வயதில் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடைசியில் கவிதாவை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, "அப்ப நல்லா சத்தமாவே சொல்லட்டும். மாமியாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று போனாள்.

கவிதா நாலு வயதுக்காரி. வாசலில் இருந்து லயத்துக்கு நூறு அடி இருக்கும். தாய் தூக்கிக்கொண்டுதான் போனாள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

மறுபடி கல்லுக்கு

கல்லின் மேல் நிற்கிறேன். காற்று. செல்வராணியின் முதுகு.

பிலார் எடுத்தார். அங்கே மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்திய நேரம். தட்டுச் சத்தம் கேட்டது. "காதில் வைக்கிறேன்" என்றார். பிறகு அந்த மூச்சு.

மூச்சை எனக்குத் தெரியும். உறக்கத்தில் என் பக்கத்தில் கிடந்த மூச்சு அது.

"நோசோத்ராஸ் கமினாபமோஸ்" என்றேன்.

மூச்சு.

"தூ இ யோ." நீயும் நானும். "கமினாபமோஸ். யூவியா." மழை. "ஓஸ்பித்தால்."

மூச்சு. எங்கோ ஒரு கரண்டி விழுந்தது. யாரோ எடுத்து வைத்தார்கள். நான் இன்னொரு தடவை சொன்னேன். இன்னும் ஒரு தடவை சொன்னேன். நாலாவது தடவை சொல் தேய்ந்து, அர்த்தமெல்லாம் உதிர்ந்து, வெறும் சத்தமாக வந்தது. வெறுஞ்சேலையை ஆட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். என்னையறியாமல் தமிழில் கேட்டுவிட்டேன்: "அக்கா, ஞாபகம் இல்லையாக்கா?"

"நோ."

இல்லை. அவ்வளவுதான், முடிந்தது. தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவும் கை வரவில்லை.

"நோ" என்றாள் மறுபடி. இந்தத் தடவை அதில் ஒரு சிடுசிடுப்பு இருந்தது. நான் அகப்பையைத் தண்ணீர்ப் பானையில் போட்டால், நான் பாவாடையைத் தப்பாகக் கட்டினால் வரும் அதே சிடுசிடுப்பு. முப்பத்தைந்து வருடமாக நான் கேட்காதது. தொலைபேசியில் அவள் என்னோடு எப்போதும் மென்மையாகவே பேசினாள், விருந்தாளியோடு பேசுகிற மாதிரி.

"யோ கமினாபா." ஒவ்வோர் எழுத்தையும் பள்ளத்திலிருந்து தூக்கி வைத்தாள். "யோ." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "தூ, நோ. தூ நோ கமினாபாஸ்."

நான் நடந்தேன். நீ இல்லை. நீ நடக்கவில்லை.

அதற்குப் பிறகு இன்னொரு சொல் சொன்னாள். "பெசாபாஸ்" என்றாள். பின்னால் பிலார் உரக்க ஏதோ சொல்வது கேட்டது. சிரிப்பா அழுகையா தெரியவில்லை. முகில் வந்து கல்லை மூடியது, சிக்னல் போயிற்று.

நான் என்ன சத்தம் போட்டேனோ தெரியாது. செல்வராணி திரும்பிவிட்டாள். இந்தக் கல்லில் ஒருத்தர் பேசி முடிக்கும் முன் இன்னொருத்தர் திரும்பி நான் பார்த்ததில்லை.

"என்னா டீச்சர்? அக்காவுக்கு எதும்...?"

"பேசிட்டாங்க."

"ஐயோ மாடசாமி! என்னா சொன்னாங்க?"

"நான் நடக்கலையாம். அவங்கதான் நடந்தாங்களாம்."

"எங்க?"

"அதான், தலவாக்கல ஆஸ்பத்திரிக்கி. எனக்கு நாலு வயசுல."

செல்வராணி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"நாலு வயசுலயா? மூணு மைலா? எங்க கவிதாவ இங்கேருந்து கோயிலு வரைக்கும் நடக்கச் சொல்லுங்க பாப்பம். பாதியில குந்திக்கிட்டு, தூக்கும்மான்னு கத்தும். நெதம் இருபது புள்ளைங்கள வச்சிக்கிட்டு இருக்கீங்களே டீச்சர், இது தெரியலயா ஒங்களுக்கு?"

தெரியவில்லை.

தேயிலையின் தலைக்கு மேலாகப் பார்த்தேன் என்று எழுதினேன். நாலு வயதுப் பிள்ளை தேயிலைச் செடிக்குப் பக்கத்தில் நின்றால் தூர்தான் தெரியும். ஒரே கொங்காணிக்குள் இருவரும் என்று எழுதினேன். அக்காவின் தலைமுடி என் மூக்கில் இருந்தது என்று எழுதினேன். அட்டைகளுக்கு என் இரத்தம் பிடிக்காது என்றும் எழுதினேன். அட்டைக்கு எட்டுகிற தூரத்தில் என் கால் ஒருநாளும் இருந்ததில்லை.

எல்லாவற்றையும் சரியாகத்தான் ஞாபகம் வைத்திருந்தேன், அவளுடைய முதுகைத் தவிர.

கல்லின் அடியில்

செல்வராணியின் முறை வந்தது. நான் இறங்கினேன், அவள் ஏறினாள். மூன்றடி கீழே நின்று, வழக்கப்படி முதுகைத் திருப்பிக்கொண்டேன். முகில் விலகிக்கொண்டிருந்தது. மேலே அவள் கத்தாரோடு பேசத் தொடங்கினாள். "சாப்டீங்களா?" என்றாள். எல்லோருமே அதில்தான் தொடங்குகிறார்கள்.

பெசாபாஸ். வாலை வைத்து ஆளைப் பிடித்தேன். நீ. காலத்தையும் பிடித்தேன். திரும்பத் திரும்ப, வழக்கமாக, திகதி கேட்காத அந்தக் காலம். யார் என்று தெரிந்தது, எப்போது என்று தெரிந்தது. என்ன என்றுதான் தெரியவில்லை.

கல்லின் அடியில் குரல் கிடைக்காது, எழுத்து மட்டும் வரும். பிலாரின் செய்தி வந்தது, அவருடைய கொஞ்சம் ஆங்கிலத்தில். இப்போது மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறாராம். நாளை மூத்த சிஸ்டரிடம் போய், இவர் இன்று ஒருவரைத் திருத்தினார் என்று சொல்லப் போகிறாராம். பிறரைத் திருத்துகிறவரை எங்கும் அனுப்ப மாட்டார்கள் என்று நம்புகிறாராம். கீழே, தனி வரியில்: அவர் கடைசியாகச் சொன்னது எடையைப் பற்றி. நீ கனமாக இருந்தாய் என்கிறார்.

முதுகைக் காட்டியபடி அழுதேன். அதற்கும் அந்த வழக்கம் வசதிதான்.

அவள் ஸ்பெயினில் எத்தனை பேரைத் தூக்கியிருப்பாள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு. அவள் முதலில் தூக்கிப் பழகியது என்னைத்தான். அவளைத் தூக்குகிற முறை வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு சொல், அதுவும் பிழையான சொல். அவள் ரயிலேறிய நாளில் கதவைச் சாத்திக்கொண்டதற்குக் காரணம் கேட்டால், என்னை விட்டுவிட்டுப் போனாளே என்று இத்தனை காலம் சொல்லிவந்தேன். இறக்கி வைத்தாள் என்று அதற்கு இன்னொரு பேர் இருக்கிறது. இருபது வயதுப் பெண் பன்னிரண்டு வயதுப் பெண்ணைத் தூக்க மாட்டாள். அப்போது எனக்குப் பன்னிரண்டு.

மலையிறங்கி வந்தேன். காம்பராவில் யாரும் இல்லை. காலைக் கழுவும்போது குதிகாலுக்கு மேலே ஓர் அட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. சவர்க்காரத் துண்டைத் தேடினேன்.

மூன்றாம் வாரத்து இதழைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த அத்தியாயத்தில் "நடந்தோம்" என்று ஐந்து இடங்களில் வருகிறது. தயவுசெய்து பேனாவால் அடித்துவிட்டு, ஐந்து இடங்களிலும் "அக்கா நடந்தாள்" என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நான் கனத்தேன்.